புலி சாரும் காத்திருக்காத கதவும்

திரை முழுக்கப் பச்சை வரிகள். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு.

புலி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சிவப்பு சிவப்பாகவேதான் இருந்தது.

“ஏன்யா, இன்னிக்குப் பார்த்துத்தான் வரணுமா நீ?” என்று அந்த வரியைக் கேட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரன் தலையாட்டினான். காதில் எந்நேரமும் ஹெட்போன் மாட்டியிருப்பதால் ஆபீஸில் அவனுக்கு ஹெட்போன் என்றே பெயர். நல்ல வேலைக்காரன். பேச்சு மட்டும் கிடையாது.

அன்று சாயங்காலம் கம்பெனியின் புதுக் கம்பைலர் வெளியாக வேண்டும். கம்பைலர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மனிதர்கள் ப்ரோக்ராம் எழுதுவது ஒரு பாஷையில், மெஷினுக்குப் புரிவது வேறு பாஷையில். நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் கம்பைலர். மொழிபெயர்க்கிற சாக்கில் அது இன்னொரு காரியமும் செய்யும். வெட்டி வேலை எதுவும் கண்ணில் பட்டால், இது எதற்கு என்று கத்தரித்துத் தள்ளிவிடும். அப்போதுதான் மெஷின் சுறுசுறுப்பாக ஓடும். அப்படிக் கத்தரிக்கும்போது வேண்டியதையும் சேர்த்துக் கத்தரித்துவிடவில்லையே என்று பார்ப்பது புலியின் உத்தியோகம். சரியாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு.

இப்போது சிவந்திருந்தது லிஃப்ட் கதவு.

ஒரு லிஃப்ட் கம்பெனிதான் இவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நின்று கதவைத் திறந்ததும், உள்ளே இருக்கும் ப்ரோக்ராம் ஒன்று, இரண்டு, மூன்று என்று சும்மா எண்ண ஆரம்பிக்கும். லட்சக்கணக்கில் எண்ணி முடித்த பிறகுதான் கதவு மூடும். ஆட்கள் ஏறி இறங்க அதுதான் அவகாசம். நடுவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பதும் அந்த எண்ணிக்கை ஓடுகிற நேரத்தில்தான். மேலோட்டமாகப் பார்த்தால் அது சுத்த வெட்டி வேலை. அதனால்தான் எழுதுகிறவர்கள் அதன் தலையில் ‘தொடாதே’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுவார்கள். அந்தச் சொல் இருந்தால் கம்பைலர் கிட்டேயே போகக் கூடாது.

புதுக் கம்பைலர் போயிருந்தது. எண்ணிக்கையை அடியோடு வழித்துப் போட்டிருந்தது. கதவு திறந்த கையோடு மூடிக்கொண்டது.

அப்படியென்றால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லலாம். வேறு ஆளாக இருந்தால் சொல்லியிருப்பார்.

இவருக்குப் புலி என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். போன தடவை வெளியீட்டுக்கு முன்பும் இதே லிஃப்ட், இதே கதவு. “எண்ணிக்கை போச்சு! கதவு நிக்கல! எல்லாத்தையும் நிறுத்துங்க!” என்று ஆபீஸ் முழுக்க ஓடினார். நிறுத்தினார்கள். மேனேஜர் குடும்பத்தோடு கிளம்பவிருந்த பயணத்தைக் கைவிட்டார். அத்தனை பேரும் சோறு தண்ணி இல்லாமல் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் புலி எழுதிய டெஸ்டில் ‘தொடாதே’யே இல்லை. போட மறந்திருந்தார். கம்பைலர் தன் வேலையைத்தான் செய்திருந்தது.

அன்றிலிருந்து அவரைக் கண்டால் “புலி வருது, புலி வருது” என்று ஆரம்பித்து, பிறகு ‘வருது’வும் தேய்ந்து, வெறும் புலியாகிவிட்டார். மேனேஜர் மட்டும் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போய், ரொம்ப அன்பாகச் சொன்னார்: “இன்னொரு தடவை இல்லாத புலி வந்துச்சுன்னா, நீங்க வேற காட்டைப் பார்த்துக்க வேண்டியதுதான்.”

இதில் ஒரு கூத்து என்னவென்றால், வீட்டில் மாமியார் அதை வீரப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். “எங்க மாப்பிள்ளையை ஆபீஸ்ல புலின்னுதான் கூப்பிடறாங்க” என்று அடுக்குமாடிக் கட்டடம் பூராவும் சொல்லியாகிவிட்டது. மனைவிக்கு உண்மை தெரியும். அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை.

ஆகவே புலி முதலில் செய்த காரியம் ‘தொடாதே’ இருக்கிறதா என்று பார்த்ததுதான். இருந்தது. திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். எழுத்துப் பிழைகூட இல்லை. இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மறுபடி ஓட்டினார். சிவப்பு. மெஷினை அணைத்துப் போட்டு ஓட்டினார். சிவப்பு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஓட்டினார். அதே சிவப்பு.

‘உள்ளே என்னதான் நடக்குதுன்னு பார்த்துடுவோம்’ என்று, ஒவ்வொரு எண்ணுக்கும் திரையில் ‘காத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதும்படி டெஸ்டில் செருகினார். அதாவது கதவு காத்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டினார்.

பச்சை!

வரியை எடுத்தார். சிவப்பு. போட்டார். பச்சை. எடுத்தார். சிவப்பு.

பல் வலி டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோகுமே, அந்த மாதிரி. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கம்பைலர் சாதுவாக இருந்தது. பார்க்காவிட்டால் கத்தரித்தது. இதைப் போய் மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? “சார், நான் பார்க்கும்போது தப்பு இல்லை, பார்க்காதப்பதான் தப்பு இருக்கு” என்றால் காட்டை மாற்றச் சொல்ல மாட்டார், டாக்டரிடம் போகச் சொல்வார்.

புலி ஹெட்போன் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, உன் மெஷின்ல கதவு டெஸ்ட் ஓட்டிப் பார்த்தியா? சிவப்பா வருதா?”

ஹெட்போன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினான்.

“அப்பாடா! நான் ஒருத்தன் மட்டும் இல்ல!” புலிக்கு உயிர் வந்தது. பிறகு ஒரு சந்தேகமும் வந்தது. “தம்பி, பச்சையா வருதா?”

ஹெட்போன் அதற்கும் தலையாட்டினான்.

“உனக்குக் கிறுக்கா?”

அதற்கும் ஆட்டினான். புலி நேராக உட்கார்ந்துகொண்டார்.

இனி ஒரே ஆள் கத்தரிதான். கத்தரிக்கிற பகுதியை எழுதியவள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். நாக்கும் அப்படித்தான் வேலை செய்யும். பட்டும் படாமலும் கேட்டுப் பார்க்கலாம் என்று காபி மெஷின் பக்கம் போனார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். லிஃப்ட் கம்பெனியின் மெக்கானிக் காலையிலேயே வந்து, இந்தக் கட்டடத்து லிஃப்டையும் பிரித்துப் போட்டிருந்தார். புதுக் கம்பைலரில் தயாரான ப்ரோக்ராமை முதலில் இந்த லிஃப்டில்தான் ஏற்றப் போகிறார்கள். அதனால் எல்லாரும் ஐந்து மாடி படியேறி, எரிச்சலோடு இருந்தார்கள்.

“இல்லம்மா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்,” என்றார் புலி. “‘தொடாதே’ன்னு போட்டும் கம்பைலர் தொட்டுச்சுன்னா, அது எதனால இருக்கும்?”

கத்தரி காபியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “மறுபடியும் புலியா?”

“ஐயையோ, நான் இல்ல! ஃப்ரெண்டு ஒருத்தர் கேட்டார்.”

“உங்க ஃப்ரெண்டுக்கு எப்படி சார் நம்ம கம்பைலர் கிடைச்சது? அது இன்னும் வெளியவே வரலையே?”

புலி திருதிருவென்று விழித்தார். “அவர் வேற கம்பைலர்.”

“அப்ப அவர்கிட்ட சொல்லுங்க. முதல்ல ‘தொடாதே’ன்னு எழுதினாரான்னு பார்க்கச் சொல்லுங்க. சில பேர் எழுதாமலேயே ஊரைக் கூட்டுவாங்க.”

“பார்த்தாராம். எழுதியிருக்காராம். விரல் வெச்சுப் படிச்சாராம்.”

“அப்ப மெஷினைத் துடைக்கச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுக் கத்தரி போய்விட்டாள்.

புலி இடத்துக்குத் திரும்பினார். உள்ளங்கை வேர்த்து எலி வழுக்கியது. மெஷினோடு வரும் எலியைச் சொல்கிறேன். நன்றாக யோசித்துப் பார்த்தார். ‘காத்திருக்கிறேன்’ வரி இருந்தால் பச்சை. அப்படியே விட்டுவிட்டால் என்ன? பொய் ஒன்றும் இல்லையே. டெஸ்ட் பச்சைதானே காட்டுகிறது? முழு டெஸ்டும் ஆபீஸ் எல்லாருக்குமான பொது மெஷினில் ஒரு தடவை ஓடி, எல்லாம் பச்சை என்று வந்துவிட்டால் மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு சாவகாசமாகக் காரணத்தைத் தேடிக்கொள்ளலாம்.

மனசாட்சி ஏதோ முணுமுணுத்தது. புலி பொத்தானை அழுத்திவிட்டார்.

அவர் மறந்தது ஒன்று உண்டு. பொது மெஷினில் ஓடுவதெல்லாம் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் தெரியும். வாடிக்கையாளர்கள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று மேனேஜர் செய்த ஏற்பாடு.

கொஞ்ச நேரத்தில் ரிசப்ஷனிஸ்ட் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இங்க யாரு சார் காத்திருக்காங்க?”

“என்னம்மா?”

“டிவியில வருது. ‘காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன்’னு. நிக்கவே மாட்டேங்குது. பாவமா இருக்கு. யாருக்குன்னு போடலையே?”

புலி ஒரே ஓட்டமாக ஓடினார். டிவியில் மேலிருந்து கீழாக ‘காத்திருக்கிறேன்’ அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான எண்ணுக்கு லட்சக்கணக்கான வரி. எதிரே சோபாவில் மெக்கானிக் உட்கார்ந்து, கையில் ஸ்பேனரோடு உருக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு சார். இப்பல்லாம் இப்படி யாரு காத்திருக்காங்க?” என்றார்.

அதற்குள் உள்ளேயிருந்து குரல்கள் கிளம்பின. பொது மெஷினில் இடம் நிரம்பி, மற்றவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த டெஸ்டெல்லாம் நின்றுபோயிருந்தது. “யார்யா அது காத்திருக்கிறது?” என்று ஒரு குரல். “அவன் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கச் சொல்லு!” என்று இன்னொன்று.

புலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடத்துக்கு ஓடிவந்து ‘காத்திருக்கிறேன்’ வரியைப் பிடுங்கினார். பிடுங்கினால் சிவப்பு வருமே! அதற்கும் ஒரு வழி பளிச்சென்று தோன்றியது. கம்பைலரில் கத்தரிக்கிற வேலையை மட்டும் நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. கத்தரிக்கவே விடாவிட்டால் எண்ணிக்கை எப்படிப் போகும்? கதவு டெஸ்டுக்கு மட்டும் அதை அணைத்துவிட்டால் ஆயிற்று. அணைத்தார். பொத்தானை அழுத்தினார்.

பச்சை, பச்சை, பச்சை. ஒரு சிவப்பு இல்லை. புலி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்போது போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, சாயங்காலம் அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு, இருக்கு.”

“ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? மறுபடியும் ஏதாவது கிளப்பிட்டீங்களா?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் பச்சை.”

“நல்லது. இன்னொரு விஷயம். நம்ம பில்டிங் லிஃப்டுக்கும் திங்கட்கிழமை புது ப்ரோக்ராம் போடறாங்களாம். உங்க ஆபீஸ் சமாச்சாரம்தானாம். அம்மாவுக்குத் தலைகால் புரியல. ‘மாப்பிள்ளை பார்த்துப் பண்ணினது, முதல்ல நான்தான் ஏறுவேன்’னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க.”

மாமியார் லிஃப்டில் ஏறுவதை அவர் தினமும் பார்க்கிறவர். முழங்கால் வலி. முதலில் கைத்தடி உள்ளே போகும். அப்புறம் ஒரு கால். அங்கே நின்றுவிடுவார். பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு வெளியே. அப்போதுதான் எதிர்வீட்டுக்காரியிடம் சொல்ல மறந்த கதை ஏதாவது ஞாபகம் வரும். நின்று நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த கால். அவ்வளவு நேரமும் பொறுமையாக எண்ணிக்கொண்டு நிற்பது அந்தக் கதவு ஒன்றுதான்.

“என்னங்க, லைன்ல இருக்கீங்களா?”

“ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்,” என்றார் புலி. “தப்பு இருக்குன்னு தெரியுது. சொன்னா வேலை போகும். அதாவது, போன தடவை மாதிரி அது என் தப்பாவே இருந்துட்டா. என்ன பண்றது?”

“ராத்திரி படுத்த அப்புறம் எழுந்துபோய்க் கதவு பூட்டியிருக்கான்னு மூணு தடவை ஆட்டிப் பார்க்கிற ஆள் நீங்க,” என்றாள் மனைவி. “என் தூக்கம் கெட்டாலும் நான் ஏன் திட்டறதில்லை தெரியுமா? ஒரு நாள் நிஜமாவே பூட்டாம இருந்துச்சு. போய்ச் சொல்லுங்க. வேலை போனா வேற தேடிக்கலாம். எங்கம்மா ஒரு அம்மாதான்.”

போனை வைத்ததும் புலிக்குக் கண் கலங்கியது. எழுந்தார். அதே நேரம் அறைக் கதவு படாரென்று திறந்தது. கத்தரி. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“யாரு சார் என் சுவிட்சை அணைச்சது?”

“நான்தாம்மா. கதவு டெஸ்டுக்கு மட்டும்...”

“மட்டுமா? எல்லாத்துக்கும் அணைஞ்சிருக்கு! வேக டெஸ்ட் ரிசல்ட் மேனேஜருக்குப் போயிடுச்சு. பழைய கம்பைலரைவிடப் புதுசு மூணு மடங்கு மெதுவாம்! ராப்பகலா உழைச்சு நான் எழுதினது மொத்தமும் பூஜ்யம்னு வந்திருக்கு. மேனேஜர் உங்களையும் என்னையும் கூப்பிடறார். வாங்க!”

அவசரத்தில் புலி ஒரு டெஸ்டுக்கான சுவிட்சுக்குப் பதிலாக மொத்தத்துக்கும் சேர்த்து அணைத்திருந்தார். அந்தப் பச்சையெல்லாம் எப்படி வந்தது என்று இப்போது புரிந்தது. கத்தரிக்கவே விடாத கம்பைலர் எதைத் தப்பாகக் கத்தரிக்கும்?

மேனேஜர் அறையில் ஹெட்போனும் ஓரமாக உட்கார்ந்திருந்தான். காதில் வழக்கம்போல. மேனேஜர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க புலி. டிவியில காத்திருந்தது நீங்கதானா?”

“ஆமா சார்.”

“மெஷினை நிரப்பினது?”

“நான்தான் சார்.”

“இந்தப் பொண்ணு வேலையைப் பூஜ்யமாக்கினது?”

“அதுவும் நான்தான் சார்.” புலி உட்காரவில்லை. “சார், என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. கதவு டெஸ்ட் சிவப்பு. ‘தொடாதே’ன்னு எழுதியிருக்கு, நானே பார்த்தேன். அப்படியும் கம்பைலர் எண்ணிக்கையைக் கத்தரிக்குது. கதவு திறந்த உடனே மூடுது. காலையிலேயே தெரியும். சொல்ல பயந்து மூடி மறைக்கப் பார்த்தேன். மறைக்க மறைக்க நாறிப்போச்சு. இது வெளிய போகக் கூடாது சார். எங்க மாமியார் மெதுவாத்தான் ஏறுவாங்க.”

புலி மனதுக்குள் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

மேனேஜர் திடீரென்று கை தட்டினார்.

“சபாஷ்!”

“சார்?”

“சபாஷ் புலி! எங்க சொல்லாமலேயே விட்டுடுவீங்களோன்னு நான்தான் காலையிலேர்ந்து தவிச்சுட்டிருந்தேன்.” அவர் எழுந்து வந்து புலியைக் கட்டிக்கொண்டார். “அந்தத் தப்பு நான் வைக்கச் சொன்னதுய்யா!”

புலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டெஸ்ட் பண்றவரையே டெஸ்ட் பண்றது. தெரிஞ்சே ஒரு பிழையை உள்ள வெச்சுட்டு, ஆள் பிடிக்கிறாரான்னு பார்க்கிறது. போன தடவை அப்படி ஆனதுக்கு அப்புறம், உங்களை நம்பலாமா வேணாமான்னு எனக்கே குழப்பம். போன வாரம் ஹெட்போன்கிட்ட போனேன். ‘தம்பி, புலி டெஸ்ட் பண்ற கம்பைலர் காப்பியில மட்டும் யாருக்கும் தெரியாம ஒரு பிழையை வை, கத்தரிக்கக் கூடாததைக் கத்தரிக்கிற மாதிரி’ன்னேன். தங்கமான பையன். ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கலை. இல்லியா தம்பி?”

ஹெட்போன் தலையாட்டினான்.

“அதானே பார்த்தேன்,” என்றாள் கத்தரி. மூச்சு சீராகியிருந்தது. “நான் எழுதினது அப்படிக் கத்தரிக்காதே!”

புலி இப்போதுதான் உட்கார்ந்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் ஒரு நாடகமா? கோபம் வர வேண்டும். வரவில்லை. வேலை இருக்கிறது, மாமியார் பத்திரம், போதும்.

“அப்ப சார், லிஃப்ட் கம்பெனிக்குப் போனது?”

“அது சுத்தமான காப்பி. காலையிலேயே கொடுத்தாச்சு. அதுல அந்தப் பிழை கிடையாது.”

“அதை யாரு சார் டெஸ்ட் பண்ணினது?”

“அதை எதுக்குய்யா டெஸ்ட் பண்ணணும்?” மேனேஜர் சிரித்தார். “அதுலதான் பிழையே இல்லையே! வாங்க, வாங்க. கீழ கேக் வெட்டலாம். மெக்கானிக் வேலையை முடிச்சுட்டாராம். நம்ம ப்ரோக்ராம்ல ஓடற லிஃப்ட்ல நம்மதான் முதல்ல இறங்கணும். இன்னிக்குக் கேக்கைத் தூக்கிட்டு வர்ற மரியாதை புலிக்குத்தான்.”

லிஃப்ட் வாசலில் மெக்கானிக் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். “மோட்டார், கயிறு, பிரேக் எல்லாம் நான் பார்த்துட்டேன் சார். கதவு உங்க பொறுப்பு,” என்றார். மேனேஜரும் கத்தரியும் ஹெட்போனும் ஏறினார்கள். புலி வாசலில் ஒரு கணம் தயங்கினார். பழக்கதோஷம்.

“என்ன புலி, இன்னும் புலி வருதா?” என்றார் மேனேஜர்.

எல்லாரும் சிரித்தார்கள். புலியும் சிரித்துக்கொண்டே கேக் பெட்டியோடு உள்ளே வந்தார். மெக்கானிக் சாவியை உருவிக்கொண்டு, “இனி உங்க ப்ரோக்ராம்தான்!” என்று கை காட்டினார். கதவு மூடியது. லிஃப்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு குலுக்கல் இல்லை.

“எப்படிப் போகுது பார்த்தீங்களா?” என்றாள் கத்தரி பெருமையோடு.

கீழே வந்து நின்றது. டிங் என்று மணி அடித்தது. கதவு திறந்தது. கேக் மேஜையும், முன்னாலேயே படியிறங்கி வந்து கையில் கத்தியோடு சிரித்துக்கொண்டு நின்ற ரிசப்ஷனிஸ்டும் ஒரு கணம் தெரிந்தார்கள். புலி காலைத் தூக்கினார்.

படக்கென்று மூடிக்கொண்டது.

கேக் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. புலி தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தார்.

மேனேஜர் பொத்தானை அழுத்தினார். டிங். திறந்தது. படக். மூடியது. மறுபடி அழுத்தினார். டிங், படக். வெளியே ரிசப்ஷனிஸ்டின் சிரிப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

“பதறாதீங்க, பதறாதீங்க,” என்றார் மேனேஜர். அவர் நெற்றி வேர்த்துவிட்டது. “காப்பி மாறிப்போயிருக்கு, அவ்வளவுதான். புலிக்கு வெச்ச பிழை தவறிப்போய் இதுல வந்துடுச்சு. வெச்சவனே கூட இருக்கான், எடுக்க வேண்டியதுதானே! தம்பி, அதை எங்க வெச்சே? சொல்லு, மெக்கானிக்குக்குப் போன் போடறேன்.”

ஹெட்போன் தலையாட்டினான்.

“எங்க வெச்சேன்னு கேக்கறேன்!”

தலையாட்டினான்.

புலிக்கு எங்கேயோ பொறி தட்டியது. காலையில் இதே தலையாட்டலை எங்கேயோ பார்த்திருக்கிறார். “ஏம்மா,” என்றார் ஈனஸ்வரத்தில், “அந்தத் தம்பி காதுல இருக்கிறதைக் கொஞ்சம் கழட்டும்மா.”

கத்தரி எட்டி அதைக் கழற்றினாள். உள்ளேயிருந்து தபேலா சத்தம் சன்னமாகக் கேட்டது. ஹெட்போன் தூக்கத்திலிருந்து எழுப்பியவன் மாதிரி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“புலி சாருக்காக ஒரு பிழை வெச்சியே,” என்று கத்தினார் மேனேஜர், “அதை எங்க வெச்சேன்னு சொல்லித் தொலை!”

“பிழையா?” என்றான் அவன். “நான் எதையும் வெக்கலையே சார். எப்ப வெக்கச் சொன்னீங்க?”